கவசம் யாருக்கு?

சரித்திரப் படம் பார்க்கும் எவருக்கும் ஒரு சந்தேகம் வரும். திரையில் போர் மூண்டதும் படைத்தலைவன் முதல் கடைசி வரிசையில் ஈட்டி பிடித்து நிற்பவன் வரை எல்லோர் மார்பிலும் உலோகம் மின்னுகிறது. ஆனால் நம் ஊர்ப் பக்கத்து நடுகற்களில் அப்படி எதுவும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்டவன் கையில் வில்லோ வாளோ இருக்கும், இடுப்பில் கச்சை இருக்கும். மார்பு பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும்.

இனி மும்பைக்கு வருவோம். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ரயில் ஏறி சி.எஸ்.எம்.டி.யில் இறங்கினால், நடந்து போகும் தூரத்தில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய தலைமுறைக்கு அது பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம். அங்கே ஆயுதப் பிரிவில், அக்பருடையது என்று அடையாளம் காணப்பட்ட ஓர் எஃகு மார்புக் கவசம் உண்டு. ஆண்டு 1581. மேலே சமய வாசகங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கூடவே 1593ஆம் ஆண்டைச் சேர்ந்த கேடயம்.

ஒரே துணைக்கண்டம், ஒரே வெயில். ஒருவர் உடலில் எஃகு, இன்னொருவர் உடலில் ஒன்றுமில்லை. ஏன்? "நம்ம ஊர் வெயிலுக்கு இரும்பை மாட்டிக்கொண்டு யார் சண்டை போடுவது?" என்பதுதான் பலரும் சட்டென்று சொல்லும் பதில். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. அது சரிதானா என்று இந்த அத்தியாயத்தில் சோதித்துப் பார்ப்போம்.

கல்லும் பயணியும் தரும் சாட்சி

முதலில் ஆதாரத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும். சிற்பத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வர முடியாது. வீரனை வெற்று மார்போடு காட்டுவது சிற்பியின் மரபாகக்கூட இருந்திருக்கலாம். அதனால் வேறு சாட்சிகளையும் கேட்போம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ளவர்கள் உடம்பில் ஒன்றும் அணியாமல் ஈட்டியும் கேடயமும் மட்டும் ஏந்திப் போருக்குப் போகிறார்கள் என்று வியந்து எழுதினார். நடுகல்லின் சாட்சியோடு இது ஒத்துப்போகிறது.

அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1520 வாக்கில், டொமிங்கோ பயஸ் என்ற போர்ச்சுகீசியர் விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயரின் படை அணிவகுப்பைப் பார்த்தார். குதிரை வீரர்கள் அணிந்திருந்த தடித்த சட்டைகளை அவர் விவரிக்கிறார். பதப்படுத்தாத உறுதியான தோலை அடுக்கடுக்காக வைத்து, இரும்புத் தகடுகள் சேர்த்துச் செய்தவை அவை. சிலருடைய தகடுகளுக்குப் பொன்முலாம் பூசியிருந்தது. சிலருடையவை வெள்ளியால் ஆனவை. தலையில் காப்பும் உண்டு.

மும்பைக்குள்ளேயே ஒரு சாட்சி நிற்கிறது. போரிவிலியின் ஏக்சர் கிராமத்தில் ஆறு வீரக்கற்கள் உள்ளன. தானேவைத் தலைநகராகக் கொண்டு வட கொங்கணத்தை ஆண்ட சிலாஹாரர் காலத்தோடு தொடர்புடையவை. வாள் வீரர், வில் வீரர், யானைகள், துடுப்புகள் நீண்ட போர்க்கப்பல்கள் என்று நிலத்திலும் கடலிலும் நடந்த போர்கள் அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மேல் அடுக்கில் வீரன் சுவர்க்கம் போகிறான். இன்று மின்ரயில் ஓடும் இந்த நகரம், இடைக்காலத்தில் ஒரு போர்முனைக் கரை.

இந்தச் சாட்சிகளிலிருந்து ஒன்று தெளிவாகிறது. இந்தியாவில் கவசம் இல்லாமல் இல்லை. சிலருக்கு இருந்தது, பலருக்கு இல்லை. நம் கேள்வியையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்: யாருக்கு இருந்தது, ஏன்?

முதல் சந்தேகம்: வெயில்

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. வாள் வீசி, ஓடி, மோதும்போது அது 600 வாட்டையும் தாண்டலாம். இந்த வெப்பம் வெளியேறாவிட்டால் உடலின் உள்வெப்பம் ஏறிக்கொண்டே போகும், மயக்கம் வரும், உயிரே போகலாம்.

சுற்றுப்புறம் குளிர்ச்சியாக இருந்தால் தோலிலிருந்து காற்றுக்கு வெப்பம் தானாகவே போய்விடும். காற்றும் 35 டிகிரியைத் தொட்டுவிட்டால் அந்த வழி அடைபடும். மிஞ்சுவது வியர்வை மட்டும்தான். ஒரு லிட்டர் வியர்வை ஒரு மணி நேரத்தில் முழுவதும் ஆவியானால், ஏறக்குறைய 670 வாட் அளவுக்கு வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆகக் கடுமையான சண்டையின் சூட்டைக்கூட வியர்வை சமாளித்துவிடும். ஆனால் அது ஆவியாக வேண்டும். வழிந்து சொட்டும் வியர்வையால் பயன் இல்லை.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. இரும்பு வெயிலில் சூடாகும் என்பதைப் பெரிதாக நினைக்கிறோம். உண்மையில் கவசத்துக்கு அடியில் போடும் பஞ்சு மெத்தைச் சட்டைதான் ஆளைக் கொல்லும். அடியின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள அது கட்டாயம் வேண்டும். அதுவே காற்றையும் தடுத்து வியர்வையையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. மே மாதத்தில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு தாராவிச் சந்துகளில் ஓடிப் பார்த்தால் உடம்புக்கு என்ன ஆகுமோ அதுதான் நடக்கும். மும்பை போன்ற கடலோரத்தில் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருப்பதால் நிலைமை இன்னும் மோசம்.

ஆக வெயில் ஒரு காரணம்தான். ஆனால் அது முழுக் காரணமாக முடியாது. ஏனென்றால் பயஸ் பார்த்த குதிரை வீரர்களும் அதே வெயிலில்தான் தோலும் பஞ்சும் இரும்பும் போட்டிருந்தார்கள். தளபதிக்கும் காலாளுக்கும் வியர்க்கும் விதம் ஒன்றே. மேலும், இந்தியப் போர்கள் பெரும்பாலும் கடும் கோடையிலும் மழையிலும் நடக்கவில்லை. மராத்தியப் படைகள் மழைக்காலம் ஓய்ந்து தசரா கழிந்த பிறகே எல்லை தாண்டிப் புறப்படும். பானிபட்டின் மூன்றாம் போர் நடந்தது 1761 ஜனவரி 14 அன்று, வட இந்தியக் குளிரில்.

வெயிலால் என்ன மாறியது என்றால் கவசத்தின் வடிவம். ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில் தலை முதல் கால் வரை மூடும் தகட்டுக் கவசம் வந்தது. இங்கே அது வேரூன்றவில்லை. காற்றுப் புகும் வளையக் கவசமும், அதன் மேல் மார்பு, முதுகு, இரு விலா என நான்கு இடங்களில் மட்டும் தகடு வைக்கும் 'சார் ஆயினா' என்ற முறையுமே இங்கு நிலைத்தன. எந்தக் கவசம் என்பதற்கு வெயில் பதில் சொல்கிறது. யாருக்கு என்பதற்கு அதனிடம் பதில் இல்லை.

இரண்டாவது சந்தேகம்: எடை

போர்வீரனின் முழுத் தகட்டுக் கவசம் பொதுவாக 20 முதல் 25 கிலோ இருக்கும். வளையச் சட்டை மட்டும் 10 கிலோவை ஒட்டி. இன்றைய காலாட்படை வீரர் முதுகில் சுமப்பதும் இதற்குக் குறைவில்லை. ஆனால் கவசத்தின் எடை முதுகில் மட்டும் இல்லை. கையிலும் காலிலும் பரவி இருக்கிறது.

இதன் விளைவை இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரஹாம் ஆஸ்க்யூவும் உடன் பணியாற்றியவர்களும் 2011இல் அளந்து காட்டினார்கள். கவசம் அணிந்து பழகியவர்களுக்கு 15ஆம் நூற்றாண்டுக் கவசங்களின் நகல்களை மாட்டி, ஓடுபொறியில் நடக்கவும் ஓடவும் வைத்தார்கள். நடக்கச் செலவான ஆற்றல் கவசம் இல்லாதபோது செலவாவதைப் போல் இரு மடங்குக்கும் மேல். ஓட ஏறக்குறைய இரு மடங்கு. அதே எடையை முதுகுப்பையில் சுமந்திருந்தால் இவ்வளவு ஆகாது. ஒவ்வோர் அடிக்கும் காலில் கட்டிய இரும்பையும் சேர்த்து வீச வேண்டியிருப்பதே காரணம். மார்பை இறுக்கும் தகட்டால் ஆழ்ந்து மூச்சு விடவும் முடியவில்லை.

நடந்தே போர்க்களம் சேரும் காலாளுக்கு இது பெரிய சுமைதான். சஹ்யாத்ரி மலைச்சரிவுகளில் ஏறி இறங்கிப் போரிட்ட சிவாஜியின் மாவளர் படைக்கு முழங்கால் வரை இரும்பு உதவியிருக்காது. வேகமே அவர்களுடைய காப்பு. ஆனால் எடைதான் காரணம் என்றால், எடை குறைந்த காப்பு எல்லோருக்கும் கிடைத்திருக்க வேண்டும். தலைக்கு ஓர் இரும்புத் தொப்பி ஒன்றரை இரண்டு கிலோதான். தலையில் விழும் வெட்டு உயிரையே கொண்டுபோகும். அப்படியிருந்தும் சாதாரணக் காலாளுக்குத் தலைப்பாகையின் துணி மடிப்புகளே துணை. 1659 நவம்பரில் பீஜப்பூர்த் தளபதி அஃப்சல் கானைச் சந்திக்கப் போன சிவாஜி, அங்கிக்குள் வளையச் சட்டையும் தலைப்பாகைக்குள் இரும்புத் தொப்பியும் அணிந்திருந்ததாக மராத்திய மரபு சொல்கிறது. அந்தக் காப்பின் அருமை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கிடைத்தது சிலருக்கு மட்டும்.

ஒரு சட்டையின் கணக்கு

ஏன் கிடைக்கவில்லை என்று அறிய, ஒரே ஒரு வளையச் சட்டையை எடுத்துக்கொண்டு நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வளையக் கவசம் என்பது இரும்பு வளையங்களைப் பின்னிச் செய்த சட்டை. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பக்கத்து வளையங்கள் நான்கு கோத்திருக்கும். வாள் வெட்டு ஒரு வளையத்தில் பட்டாலும் விசை நான்கு பக்கமும் பகிர்ந்து போகும். கூர்முனை உடலுக்குள் இறங்காது. அடியின் கனம் மட்டும் உள்ளே வரும். அதைப் பஞ்சுச் சட்டை வாங்கிக்கொள்ளும். இது வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. வளையத்தின் வாய் திறந்துகொள்ளக் கூடாது. வாயை வெறுமனே வளைத்து மூடினால் அம்பு நுனி அதைப் பிளந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வளையத்தின் இரு நுனிகளையும் தட்டையாக்கி, துளை போட்டு, மிகச் சிறிய ஆணியால் அறைந்து மூட வேண்டும்.

சட்டையின் பரப்பு சுமார் ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வளையத்தின் குறுக்களவு ஒரு சென்டிமீட்டர். பின்னலில் வளையங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்பதால், ஒரு சதுர சென்டிமீட்டரில் இரண்டரை வளையம் அடங்கும். அப்படியானால் ஒரு சட்டைக்கு 25,000 வளையங்கள்.

ஒரு வளையத்துக்கு மூன்று சென்டிமீட்டர் கம்பி. மொத்தம் 750 மீட்டர் கம்பி. இதைக் கையால் இழுத்துத்தான் ஆக்க வேண்டும். இரும்புத் துண்டைக் காய்ச்சி அடித்துக் குச்சியாக்கி, துளைகள் உள்ள எஃகுத் தகட்டில் பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு வரிசையாக நுழைத்து இழுத்து இழுத்து மெலியச் செய்ய வேண்டும். அந்த இரும்பை முதலில் தாதுவிலிருந்து உருக்கி எடுக்கவே அதன் எடையைப் போலப் பல மடங்கு மரக்கரி எரிந்திருக்கும். ஒரு வளையம் 0.4 கிராம் என்றால் 25,000 வளையங்கள் 10 கிலோ. அருங்காட்சியகங்களில் உள்ள சட்டைகளின் எடையும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. நம் கணக்கு தடம் மாறவில்லை.

இனி உழைப்பு. கம்பியைச் சுருட்டி, வெட்டி, நுனி தட்டி, துளையிட்டு, நான்கு வளையங்களோடு கோத்து, ஆணி அறைய ஒரு வளையத்துக்கு மூன்று நிமிடம் என்று தாராளமாகவே வைப்போம். 75,000 நிமிடம். அதாவது 1,250 மணி நேரம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் குனிந்து வேலை செய்தாலும் 125 நாள். கம்பி இழுத்தவன் உழைப்பும் இரும்பு உருக்கியவன் உழைப்பும் இதில் சேரவில்லை. பட்டறையில் நான்கு பேர் பங்கு போட்டுச் செய்தால் ஒரு மாதத்தில் முடியும். ஆனால் நான்கு பேர் ஒரு மாதம் சாப்பிட வேண்டும்.

உழவனின் வருமானத்தோடு இதை வைத்துப் பாருங்கள். திறமையான கைவினைஞன் ஒருவனின் நான்கு மாதத்துக்கு மேற்பட்ட கூலியும், இரும்பும், கரியும் ஒரு சட்டையில் அடங்கியிருக்கின்றன. தன் வயலில் விளைந்ததில் வரி போக மீதியில் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன், ஈட்டியோடு படைக்கு அழைக்கப்படும்போது இதை எங்கிருந்து வாங்குவான்? ஈட்டிக்கு ஒரு மூங்கிலும் ஒரு கைப்பிடி இரும்பும் போதும். அதைத்தான் அவன் கொண்டுவந்தான்.

சட்டத்தில் எழுதப்பட்ட ஏணி

இந்தக் கணக்கு நம் கற்பனை இல்லை என்பதற்கு ஐரோப்பாவில் எழுத்துச் சான்று இருக்கிறது. ரைன் நதிக்கரையில் வாழ்ந்த பிராங்குகளின் பழைய சட்டத்தொகுப்பு ஒன்று, அபராதத்தைப் பணத்துக்குப் பதில் பொருளாகக் கட்டுவதற்கு விலைப்பட்டியல் தருகிறது. சொலிடஸ் என்ற பொற்காசில் நல்ல எருது ஒன்றுக்கு 2. ஈட்டியும் கேடயமும் சேர்த்து 2. தலைக்கவசம் 6. உறையோடு கூடிய வாள் 7. வளையச் சட்டை 12. சட்டை ஒன்றுக்கு ஆறு எருது. ஓர் எருது விலையில் ஈட்டி வீரனாகலாம். முழு ஆயுதமும் பூண வேண்டுமென்றால், குதிரை தவிர்த்தே, ஒரு மந்தையை விற்க வேண்டும்.

பேரரசர் சார்லமேன் 805இல் இதைச் சட்டமாகவே ஆக்கினார். பன்னிரண்டு குடியானவர் நிலங்களை உடையவன் ஒவ்வொருவனும் வளையச் சட்டை வைத்திருக்க வேண்டும் என்பது அவர் ஆணை. பன்னிரண்டு குடும்பங்களின் உழைப்பு ஒருவன் மார்பை மூடியது.

இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றி 1181இல் பிறப்பித்த ஆணை ஏணிப்படிகளாக இறங்கியது. பெருநில உடைமையாளனுக்கும் 16 மார்க் சொத்துள்ளவனுக்கும் முழு வளையச் சட்டை, தலைக்கவசம், கேடயம், ஈட்டி. 10 மார்க் சொத்துள்ளவனுக்குச் சிறிய சட்டை, இரும்புத் தொப்பி, ஈட்டி. அதற்குக் கீழே உள்ள சுதந்திரக் குடிகளுக்குப் பஞ்சுச் சட்டை, இரும்புத் தொப்பி, ஈட்டி. பண்ணை அடிமைகளாக நிலத்தோடு கட்டுண்டு கிடந்தவர்களுக்கு அந்த ஏணியில் படியே இல்லை. மனிதன் உடலை எவ்வளவு மூடலாம் என்பதை அவன் சொத்து முடிவு செய்தது.

இந்தியாவில் இப்படியொரு ஆணை எழுதப்படவில்லை என்றாலும் ஏணி இருந்தது. அபுல் ஃபசலின் ஐன்-இ-அக்பரி முகலாய ஆயுதச் சாலையின் பொருள்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் குறைந்த விலையிலிருந்து அதிக விலைவரை எழுதிவைத்திருக்கிறது. ஒரே பெயருள்ள ஆயுதம் தரத்துக்குத் தரம் எட்டாத தூரத்தில் நின்றது.

இந்த ஏணியின் உச்சியை அறிய லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகத்தில் ஓர் இந்திய யானைக் கவசம் நிற்கிறது. 1600 வாக்கில் செய்தது. முழுமையாக இருந்தபோது 8,439 எஃகுத் தகடுகள், 159 கிலோ எடை. நாம் கணக்கிட்ட 10 கிலோ சட்டைகள் பதினைந்துக்குப் போதும் இரும்பு அது. அரசனைச் சுமந்த யானைக்குக் கிடைத்தது, அதன் காலடியில் ஓடியவனுக்குக் கிடைக்கவில்லை.

குதிரையும் தானே துறைமுகமும்

கவசத்தின் எடையைத் தாங்க ஒரு வழி இருந்தது. குதிரை. ஏறி உட்கார்ந்தவனுக்கு இரும்பின் பாரம் தன் காலில் இறங்குவதில்லை. ஆகவே கவசமும் குதிரையும் சேர்ந்தே வந்தன. செலவும் சேர்ந்தே வந்தது. தென்னிந்தியத் தட்பவெப்பத்தில் நல்ல போர்க்குதிரை வளர்ப்பது கடினம். அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பலில் வர வேண்டும். பாண்டிய அரசன் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினான் என்கிறார் மார்க்கோ போலோ. இன்றைய மும்பையை ஒட்டிய தானே துறைமுகத்தைப் பற்றி அவர் சொல்வது இன்னும் வியப்பானது. அவ்வூர் அரசன் கடற்கொள்ளையரோடு உடன்பாடு வைத்திருந்தான். பிடிபடும் கப்பல்களின் சரக்கு அவர்களுக்கு, குதிரைகள் மட்டும் அவனுக்கு.

மராத்தியக் குதிரைப்படையில் இரு வகையினர் இருந்தார்கள். சொந்தக் குதிரை, சொந்த ஆயுதத்தோடு வந்தவர் சிலேதார். குதிரையும் ஆயுதமும் அரசிடமிருந்து பெற்றவர் பார்கீர். சிவாஜி பார்கீர்களையே அதிகம் விரும்பினார். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளையும் குதிரையேறிப் போரிட அது வழி திறந்தது. கருவிச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பது மாறினால், காக்கப்படும் ஆளும் மாறுகிறான்.

தோலைத் தொட்டவர்கள்

இரும்பு எட்டாதவனுக்குக் கையில் இருந்தது தோல் கேடயம். எருமைத் தோல், சிலருக்குக் காண்டாமிருகத் தோல். தோலுக்குள் கொலாஜன் என்ற புரத இழைகள் எந்தத் திசையிலும் ஒழுங்கில்லாமல், முப்பரிமாணப் பின்னலாகக் கிடக்கின்றன. துணியை ஒரு நூலின் போக்கில் கிழிக்கலாம். தோலில் அப்படிப் போக்கே இல்லை. கெட்டியாக உலர்ந்த எருமைத் தோலில் வாள் சறுக்கும், அல்லது பாதி இறங்கி மாட்டிக்கொள்ளும். இந்தியக் கேடயத்தின் முகத்தில் காணும் நான்கு உலோகக் குமிழ்கள் வெறும் அலங்காரம் இல்லை. பின்னால் கைப்பிடியைப் பிணைக்கும் ஆணிகளின் தலை அங்கே இருக்கிறது.

ஆனால் செத்த மாட்டின் தோலை உரித்தவர்கள், சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கியவர்கள், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சேர்த்துப் பதனிட்டவர்கள் ஊருக்குள் இருக்க அனுமதிக்கப்படவில்லை. அவர்கள் கை பட்ட கேடயத்தை அரசன் ஏந்தினான். அவர்கள் கை மட்டும் தீட்டு என்றானது. ஐரோப்பியக் காலாளுக்குப் பெரும்பாலும் ஏழ்மையே தடை. இங்கே ஏழ்மைக்கு மேல் பிறப்பும் பூட்டாக விழுந்தது.

இதைத் தாராவித் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தோல் பதனிடும் தொழில் வேரூன்றியபோது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆதிதிராவிடர்களும் தமிழ் முஸ்லிம்களும் அந்தத் தொட்டிகளில் இறங்கி உழைத்தார்கள். தொட்டிகள் பின்னாளில் நகருக்கு வெளியே போய்விட்டன. பையும் பெல்ட்டும் தைக்கும் கைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. மும்பைக்குத் தோல் தொழில் தந்த செல்வத்தின் அடித்தளத்தில் அந்தக் கைகளின் அறிவு இருக்கிறது. அதை அறிவு என்று ஒப்புக்கொள்ள இந்தச் சமூகம் வெகுகாலம் மறுத்தது.

துப்பாக்கி கொண்டுவந்த மாற்றம்

வாளையும் அம்பையும் தடுத்த வளையச் சட்டை, ஈயக் குண்டின் முன் தோற்றது. குண்டின் வேகம் அதிகம். அது படும் இடமோ சிறியது. வளையங்கள் விசையைப் பகிர்ந்துகொள்ளும் முன்னரே அறுந்துவிடும். ஐரோப்பியர் 17ஆம் நூற்றாண்டில் மார்புத் தகட்டைத் தடிமனாக்கிப் பார்த்தார்கள். எடை தாங்காமல் கை, கால் கவசங்களைக் கழற்றினார்கள். கடைசியில் பெரும்பாலும் எல்லாவற்றையும் கழற்றினார்கள்.

மும்பையின் கோட்டைகளிலும் இந்த மாற்றம் தெரிகிறது. தாராவியின் காலா கில்லா என்ற ரீவா கோட்டை 1737இல் கவர்னர் ஜான் ஹார்ன் ஆணையால் கட்டப்பட்டதாக அதன் கல்வெட்டு சொல்கிறது. துப்பாக்கியும் பீரங்கியும் ஆண்ட காலத்துச் சின்னக் கோட்டை அது. அதைக் காத்தவர்கள் நம்பியது சுவரின் கனத்தை. தென்னிந்தியாவில் திப்பு சுல்தானின் காலம் வரை பஞ்சு அடுக்கித் தைத்த காப்புகள் தொடர்ந்தன. பிறகு அவையும் அருங்காட்சியகத்துக்குப் போயின.

விலையுயர்ந்த கவசம் பயனற்றுப் போனதும், சில நாள் பயிற்சி பெற்ற உழவன் கையிலிருந்த துப்பாக்கியால் பிரபுவைக் குதிரையிலிருந்து வீழ்த்த முடிந்தது. போர்க்களத்தில் பிரபுவின் தனிச்சிறப்பு அங்கே தளர்ந்தது.

இன்றைய கவசம்

20ஆம் நூற்றாண்டில் கவசம் திரும்பி வந்தது. இரும்புத் தொப்பி, பின்னர் செயற்கை இழையும் பீங்கான் தகடும் சேர்ந்த குண்டு துளைக்காத சட்டை. இடைக்காலக் கேள்வியும் கூடவே திரும்பி வந்தது. 2008 நவம்பர் 26 இரவு, மும்பை மீதான பயங்கரவாதத் தாக்குதலின்போது, கிர்காவ் சௌபாட்டியில் உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே கையில் தடியோடு போய், தானியங்கித் துப்பாக்கி வைத்திருந்த பயங்கரவாதி அஜ்மல் கசாப்பின் துப்பாக்கிக் குழலைப் பற்றிக்கொண்டார். குண்டுகளைத் தன் உடலில் வாங்கினார். கசாப் உயிரோடு பிடிபட்டான். ஓம்ப்ளேவுக்கு அசோக சக்கரம் வழங்கப்பட்டது. செங்கத்து நடுகல் வீரனுக்கும் இவருக்கும் வழங்கப்பட்ட மரியாதை உண்மையானது. ஆனால் வீரனுக்கு மரியாதையை விடக் கவசம் முன்னதாகக் கிடைத்திருக்க வேண்டும்.

போர்க்களத்துக்கு வெளியேயும் இதே கணக்குதான். பாதாளச் சாக்கடைக்குள் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கியிருக்கும். காற்றுக் குழாயோடு கூடிய முகமூடி, உடல் முழுவதும் மூடும் உடை, மேலிருந்து இழுக்கும் கயிற்றுப் பட்டை ஆகியவை அங்கே இறங்குபவரின் கவசம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இறந்த பிறகு கொடுக்கும் பணம் பெருகியிருக்கிறது. இறங்கும் முன் கொடுக்க வேண்டிய முகமூடி இன்னும் பல இடங்களில் வரவில்லை. இறங்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோர், தோலைத் தொட்டவர்களைப் போலவே ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் பிள்ளைகள்.

இடைக்கால அரசர்களுக்காவது 25,000 வளையங்களைப் பின்ன வேண்டியிருந்தது என்ற சாக்கு உண்டு. இன்று காப்புக் கருவிகளை இயந்திரமே செய்துவிடுகிறது. செலவு ஒரு காரணமாக இருக்க முடியாது; யாருடைய உடலுக்குச் செலவு செய்யலாம் என்ற பழைய முடிவுதான் மாறாமல் இருக்கிறது. அதை மாற்ற முடியும் என்று பார்கீர்கள் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார்கள். உங்கள் தெருவில், உங்கள் குடியிருப்புச் சங்கத்தில், யாராவது வெறும் உடம்போடு சாக்கடைக்குள் இறங்குவதைப் பார்த்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரரிடம் முகமூடி எங்கே என்று கேளுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.